சட்டகமும் உரையும்: சிறு வணிக வலைத்தளங்களில் தமிழ்

முன்னுரை

வணிகம் தன் இருப்பை ஊருக்கு அறிவிக்கும் முறை தமிழிலக்கியத்திற்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளைப் பட்டினப்பாலை கூறுமிடத்தில் தெய்வத்துக்குரிய கொடியும், வாதுக்கு அழைக்கும் புலவர்தம் கொடியும், கலங்களின் கொடியும், கள் விற்கும் மனைகளின் கொடியும் ஒருசேர இடம்பெறுகின்றன. கொடிக்குப் பின்னர்ப் பெயர்ப்பலகை, துண்டறிக்கை, நாட்காட்டி, செய்தித்தாள் விளம்பரம் என இவ்வறிவிப்பு பல வடிவங்களைக் கண்டது. இன்று ஒரு சிறு வணிகர் எழுதுவிக்கும் உரைகளுள் மிக நீளமானது அவருடைய வலைத்தளமே ஆகும். எனினும் இவ்வுரையைத் தமிழாய்வுலகம் உரைநடையாகக் கருதி ஆராய்வது அரிது. கணினித் தமிழ் ஆய்வுகள் எழுத்துரு, குறியாக்கம், விசைப்பலகை ஆகியவற்றில் பெரிதும் நின்றன. விளம்பர மொழி ஆய்வுகள் பெருநிறுவனங்களின் அச்சு, ஒளிபரப்பு விளம்பரங்களையே மிகுதியும் நோக்கின. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளியில் சிறு வணிகத் தளங்களின் தமிழ் கவனிப்பாரின்றி நிற்கிறது.

இத்தளங்களில் காணப்படும் மொழிக்குறைகள் பெரும்பாலும் எழுத்தாற்றல் இன்மையால் விளைந்தவை அல்ல. பக்கத்தின் சட்டகம் முதலில் அமைக்கப்பட்டு, உரை பின்னர் அதனுள் இட்டு நிரப்பப்படுவதால் விளைந்தவை என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

எழுத்துருச் சிக்கலும் அது விட்டுச்சென்ற பழக்கமும்

வலைத்தளங்களில் தமிழ் செம்மையுறாமைக்குத் தொழில்நுட்பமே காரணம் என்னும் கருத்து நெடுங்காலம் நிலவியது. தொடக்கக் காலத்தைப் பொறுத்தவரை இக்கருத்தில் உண்மை உண்டு. 1990களில் ஒவ்வொரு தளமும் தனக்கெனத் தனி எழுத்துருக் குறியாக்கத்தைக் கொண்டிருந்தது. படிப்பவர் அந்தந்தத் தளத்தின் எழுத்துருவைத் தம் கணினியில் இறக்கி நிறுவினாலன்றி எழுத்துகள் பொருளற்ற குறிகளாகவே தோன்றின. டிஸ்கி குறியாக்கமும், 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணையம் 99 மாநாட்டைத் தொடர்ந்து வந்த டாம், டாப் குறியாக்கங்களும் இக்குழப்பத்தைக் குறைக்க முயன்றவை. ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே, 1991இல், தமிழ் இடம்பெற்றிருந்தபோதிலும், லதா எழுத்துருவுடன் விண்டோஸ் 2000 வெளிவந்த பின்னரே பொதுக்கணினிகளில் அது பயன்பாட்டுக்கு வரத் தொடங்கியது. தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ் 16 குறியாக்கத்தையும் தரப்பாடுகளாக ஏற்றது 2010இல். எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பும் வோஃப் கோப்பு வடிவம் 2012இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாயிற்று.

இவ்வரலாற்றின் இடைக்காலத்தில் வடிவமைப்பாளர் கைக்கொண்ட ஓர் உத்தி இங்குக் கருதத்தக்கது. எழுத்துருச் சிக்கலைத் தவிர்க்கத் தமிழ்த் தொடர்களைப் படமாக மாற்றிப் பக்கத்தில் பதித்தனர். படமாக்கப்பட்ட எழுத்தைத் தேடுபொறி படிக்க இயலாது, படி எடுக்க இயலாது, திருத்தவும் இயலாது. அன்றைய நிலையில் அது தவிர்க்க இயலாத உத்தியாக இருந்திருக்கலாம். ஆனால் அதனால் ஒரு பழக்கம் வேரூன்றியது. ஆங்கிலம் படிப்பதற்குரிய உரையாகவும், தமிழ் பார்ப்பதற்குரிய உருவாகவும் பக்கத்தில் பிரிந்து நின்றன. தடை நீங்கியும் இப்பிரிவு நீங்கவில்லை. முகப்பின் மேலே பெரிய எழுத்தில் ஒரு தமிழ் வாழ்த்து அல்லது முழக்கம், அதன்கீழே விலை, அளவு, அனுப்பும் முறை, திருப்பித்தரும் நெறி ஆகிய அனைத்தும் ஆங்கிலத்தில் என்னும் அமைப்பு இன்றும் பல சிறு தளங்களில் காணப்படுகிறது. தொழில்நுட்பமே காரணமாயின், அது தீர்ந்த பின்னர்க் குறையும் தீர்ந்திருத்தல் வேண்டும். தீரவில்லை என்பதால் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டியுள்ளது.

சட்டகம் முந்துதல்

சிறு வாடிக்கையாளருக்கு ஒரு தளம் உருவாகும் முறையை நோக்கினால் அக்காரணம் புலப்படும். 2003இல் வெளிவந்த வேர்டுபிரஸ், 2011இல் வெளிவந்த பூட்ஸ்டிராப் போன்றவை வலைத்தள ஆக்கத்தை எளிதாக்கின. ஆயத்தச் சட்டகம் ஒன்றைத் தேர்ந்து, வண்ணத்தையும் வணிகச் சின்னத்தையும் மாற்றிச் சில நாள்களில் தளத்தை முடித்துவிடலாம். குறைந்த பொருட்செலவில் சிறு வணிகர்க்கும் தளம் கிட்டியது இதனால்தான் என்பதை மறுத்தற்கில்லை. ஆயின் அச்சட்டகம் வெறுமையாக வருவதில்லை. உரை வரவேண்டிய இடங்களில் ‘லோரெம் இப்சம்’ எனத் தொடங்கும் சிதைந்த இலத்தீன் தொடர்கள் நிரப்பப்பட்டிருக்கும். சிசரோவின் நூலொன்றின் பகுதி சிதைக்கப்பட்டு, 1960களில் லெட்ராசெட் எழுத்துத் தாள்களின் வழியாகவும், பின்னர்க் கணினிப் பக்க வடிவமைப்பு மென்பொருள்களின் வழியாகவும் பரவிய நிரப்புரை இது. படிப்பவரின் கவனத்தைப் பொருள் ஈர்த்துவிடாமல் வடிவத்தை மட்டும் காணச் செய்வதே இதன் நோக்கம்.

இதன் விளைவு ஆழமானது. தலைப்புக்கு மூன்று சொல், அதன்கீழ் இரண்டு வரி, மூன்று பெட்டிகளில் மூன்று ‘சிறப்புகள்’, ஒரு பொத்தான் என உரையின் அளவையும் வரிசையையும் சட்டகம் முன்னரே வரையறுத்துவிடுகிறது. வணிகரிடம் சொல்லத்தக்க சிறப்பு ஒன்றே இருப்பினும் மூன்று பெட்டிகள் நிரம்பியாக வேண்டும். ஏழு இருப்பினும் மூன்றே இடம்பெறும். உள்ளடக்கம் இன்றி எழும் வடிவமைப்பு அலங்காரமே என்னும் கருத்தை அமெரிக்க வலை வடிவமைப்பாளர் ஜெஃப்ரி ஸெல்ட்மன் 2008இல் முன்வைத்தார். இலத்தீன் எழுத்தில் எழுதும் மொழிகளுக்கே இவ்வெச்சரிக்கை தேவைப்பட்டதெனில், அச்சட்டகங்கள் எவ்வெழுத்தை மனத்திற்கொண்டு உருவாக்கப்படவில்லையோ அத்தமிழுக்கு அதன் தேவை மேலும் மிகுதி.

டெல்லி, மும்பை, பெங்களூரு முதலிய நகரங்களில் தமிழர் நடத்தும் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் தளம் அமைப்பவர் தமிழ் அறியாதவராக இருத்தல் இயல்பு. அவருக்குத் தமிழ் வரியின் நீளமே தெரியும், பொருள் தெரியாது. எகர, ஒகர உயிர்மெய்களின் கொம்பு இடம் மாறி நின்றாலும், பொருந்தாக் குறிக்குரிய புள்ளி வட்டம் தோன்றினாலும் அவர் கண்ணுக்கு அது பிழையாகப் படுவதில்லை. தமிழறிந்த ஒருவர் ஒருமுறை படித்துப் பார்க்கும் படிநிலை அவ்வேலை முறையில் இல்லாமையே குறை.

எழுத்தும் அளவும்

சட்டகத்திற்கும் தமிழ் எழுத்திற்கும் உள்ள பொருத்தமின்மையைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்கலாம்.

ஆங்கிலச் சட்டகங்கள் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையும் சாய்வெழுத்தையும் கொண்டு தலைப்பு, துணைத்தலைப்பு, அழுத்தம் ஆகியவற்றைப் பிரித்துக் காட்டுகின்றன. தமிழ் எழுத்தில் முதலாவது வேறுபாடு இல்லை. சாய்வெழுத்து இலத்தீன் அச்சில் போலத் தனி மரபாகத் தமிழில் வளரவும் இல்லை. எனவே சட்டகத்தின் படிநிலைகள் தமிழில் ஒன்றாகக் கலந்து, எது தலைப்பு எது விளக்கம் எனத் தெரியாமற் போகின்றது. சட்டகம் குறிப்பிடும் எழுத்துருவில் தமிழ் இல்லாதபோது, படிப்பவரின் கருவியில் உள்ள ஏதோ ஓர் எழுத்துரு அவ்விடத்தை நிரப்புகின்றது. விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ எனக் கருவிக்கொரு முகம் அமைகிறது. வணிகச் சின்னத்தின் வளைவு ஒவ்வொன்றையும் ஆய்ந்து தேர்ந்த வடிவமைப்பாளர், தமிழ் எழுத்தின் முகத்தைத் தேர்வு செய்யாமலேயே விட்டுவிடுகிறார். இலத்தீன் எழுத்துக்கு அளந்த வரியிடைவெளியில் மேல்வரியின் உகரச் சுழிகளும் கீழ்வரியின் இகர, ஈகார வளைவுகளும் நெருங்கி மோதுகின்றன.

எண்ணிக்கையில் நேரும் பிழை இன்னும் நுட்பமானது. ‘தமிழ்’ என்பது மூன்றெழுத்துச் சொல். ஒருங்குறி அதனைத் தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறியீடுகளாகச் சேமிக்கிறது. ‘கொள்கை’ என்னும் மூன்றெழுத்துச் சொல் ஆறு குறியீடுகளாகும். பொருட்பட்டியலில் தலைப்பு நீண்டால் குறிப்பிட்ட எண்ணிக்கையில் வெட்டி மூன்று புள்ளிகளை இடுமாறு சட்டகங்களில் எழுதப்படுவதுண்டு. குறியீட்டைக் கணக்கிட்டு வெட்டும் நிரலில் புள்ளி தனியே பிரிந்துவிடக்கூடும். அவ்வாறு பிரிந்தால் ‘பல்’ என்பது ‘பல’ என்றாகும். பல் மருத்துவர் ஒருவரின் தளத்தில் இது நேர்ந்தால் பெயர்ச்சொல் ஒன்று மறைந்து அதனிடத்தில் எண்ணடை ஒன்று வந்து நிற்கும். மெய்யை உயிர்மெய்யினின்று பிரிப்பது புள்ளியே என்பதை எழுத்திலக்கணத்தின் தொடக்கப்பாடமாகப் பயில்வோர்க்கு இதன் பொருள் விளக்காமலே விளங்கும்.

கண்ணுக்குப் புலப்படாத மற்றொரு குறையும் உண்டு. பக்கத்தின் மொழி இன்னதென அறிவிக்கும் குறிப்பு சட்டகத்தில் ஆங்கிலம் என்றே இருக்கும். உரை தமிழாக மாறிய பின்னும் அக்குறிப்பு மாற்றப்படாமல் விடப்படின், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைபடிப்பு மென்பொருள் தமிழை ஆங்கிலக் குரலில் படிக்க முயலும் அல்லது விட்டுவிடும். பக்கத்தின் மொழியைச் சரியாகக் குறித்தல் வேண்டும் என்பது 2008இல் வெளிவந்த வலை உள்ளடக்க அணுகுதன்மை நெறிமுறைகளின் அடிப்படை நிலைத் தேவைகளுள் ஒன்றாகும். ஒரு சொல்லைத் திருத்தினால் தீரும் இக்குறை, தமிழ்ப் பக்கத்தைத் தமிழ்ப் பக்கம் என எவரும் எண்ணாமையால் நீடிக்கிறது.

பொத்தான்களின் மொழி: ஏவலும் வியங்கோளும்

பொத்தான்களின் மேல் எழுதப்படும் சொற்கள் இலக்கண நோக்கில் தனி ஆய்வுக்குரியவை. ஆங்கில வினையடி எண்ணும் மரியாதையும் காட்டாமல் நிற்கவல்லது. தமிழில் அத்தகைய நடுநிலை எளிதில் வாய்ப்பதில்லை. ஒருமை ஏவலா, மரியாதைப் பன்மையா, வியங்கோளா, எச்சமா என ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். அத்தேர்வைச் செய்வார் இல்லாதபோது ஒரே பக்கத்தில் ‘தேடு’, ‘நிரப்பவும்’, ‘அனுப்புக’, ‘எங்களை அழையுங்கள்’, ‘மேலும் படிக்க’ என ஐவகை வடிவங்கள் கலந்து நிற்கின்றன.

இவற்றில் பேசுவோர் யார், கேட்போர் யார் என்று வினவினால் குழப்பத்தின் தன்மை தெளிவாகும். ‘தேடு’ என்பது வாடிக்கையாளர் பொறியை நோக்கி இடும் ஏவல். ‘நிரப்பவும்’ என்பது வணிகர் வாடிக்கையாளரை நோக்கிக் கூறுவது. முன்னதில் ஒருமை இழுக்கன்று. பொறிக்கு மரியாதைப் பன்மை வேண்டுவதில்லை. பின்னதில் ஒருமை வருமாயின் கடைக்கு வந்தவரை ‘வா, உட்கார்’ என்பதற்கு ஒப்பாகும். ஆங்கிலத்தில் இவ்விரு குரல்களும் ஒரே வடிவத்தில் மறைந்திருக்கின்றன. மொழிபெயர்ப்பவர் பக்கத்தைக் காணாமல் சொற்பட்டியலை மட்டும் பெற்று மொழிபெயர்க்கும்போது எக்குரல் எங்குரியது என்பதை அறிய வழியில்லை. எனவே இப்பிழை மொழிபெயர்ப்பாளரின் பிழை அன்று. உரையைப் பக்கத்தினின்று பிரித்த வேலைமுறையின் பிழை.

வியங்கோள் இதற்குத் தீர்வாகுமா என்பதும் எண்ணத்தக்கது. வியங்கோள் தன்மையிலும் முன்னிலையிலும் நிலைபெறாது எனத் தொல்காப்பியர் கருத, மூவிடத்திற்கும் ஐம்பாலுக்கும் உரியதென நன்னூலார் விரித்தார். இக்காலத்தில் அது முன்னிலையில் மரியாதை கலந்த ஏவலாகவே பெருவழக்குப் பெற்றுள்ளது. ஆயினும் ‘விடை எழுதுக’ என்னும் வினாத்தாள் வழக்கால் அதில் தேர்வறையின் இறுக்கம் படிந்துவிட்டது. ‘-வும்’ ஈற்று வடிவம் அலுவலக அறிவிப்பை நினைவூட்டுகிறது. ஆனால் தமிழ்ப் பெயர்ப்பலகை மரபு இச்சிக்கலை முன்பே தீர்த்துவைத்துள்ளது. ‘தொடர்புக்கு’, ‘முன்பதிவுக்கு’ என்னும் நான்காம் வேற்றுமை வடிவங்களும், ‘வாங்க’, ‘விலை அறிய’ என்னும் செயவென் எச்ச வடிவங்களும் எவரையும் ஏவாமல் பயனை மட்டும் சுட்டி நிற்கின்றன. சுருக்கமும் மரியாதையும் ஒருங்கமைந்த இவ்வழக்கு, கடைத்தெருவில் வளர்ந்து வலைப்பக்கத்திற்கும் பொருந்துவது. மொழிபெயர்த்துப் பெற்ற ‘சமர்ப்பி’ என்னும் சொல்லினும் ‘அனுப்ப’ என்பது சிறிய இடத்தில் அமையும். எளிதில் பொருள் தரும்.

பிழை அறிவிப்புகளும் இவ்வாறே. ‘தவறான உள்ளீடு’ என்பது படிப்பவர்மீது குற்றம் சாற்றுகிறது, செய்யவேண்டியதைக் கூறவில்லை. ‘கைப்பேசி எண்ணில் 10 இலக்கங்கள் இருத்தல் வேண்டும்’ என்பது குற்றம் கூறாமல் வழிகாட்டுகிறது.

நன்னூலார் கூறும் குற்றங்கள்

நூலுக்கு ஆகாதவை என நன்னூலார் வகுத்த பத்துக் குற்றங்களை இத்தளங்களின் உரைக்குப் பொருத்திக் காணலாம். ‘வாடிக்கையாளரின் திருப்தியே எங்கள் தாரக மந்திரம்’, ‘தரத்தில் சமரசம் இல்லை’, ‘நவீனத் தொழில்நுட்பத்துடன் கூடிய சிறந்த சேவை’ போன்ற தொடர்கள் வெற்றெனத் தொடுத்தலுக்குச் சான்று. இவற்றை அளத்தற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. பக்கத்திலிருந்து கடையின் பெயரை நீக்கிவிட்டு, எஞ்சிய உரையைக் கொண்டு அது என்ன கடை எனக் கூற இயலுமா என நோக்கலாம். இயலாதெனின் அவ்வுரை எக்கடைக்கும் உரியது. எனவே எக்கடைக்கும் உரியதன்று.

நாச்சியார்கோயில் குத்துவிளக்கு விற்கும் ஒரு வணிகரை எடுத்துக்கொள்வோம். அடிப்பாகம், தண்டு, எண்ணெய் நிற்கும் தட்டு, உச்சியில் அமையும் அன்னம் எனத் தனித்தனியே வார்த்துக் கடைந்து மரையால் இணைக்கப்படுவது அவ்விளக்கு. வாங்குவோர் அறிய விரும்புவன அதன் உயரம், எடை, கழற்றித் துலக்கும் முறை, தட்டின் முகங்கள் எத்தனை என்பனவே. கடையில் நின்று கேட்டால் வணிகர் இவற்றை நிறுத்தாமல் சொல்வார். அவருடைய தளமோ ‘பாரம்பரியமும் நவீனமும் சங்கமிக்கும் கலை’ என்று கூறி அமைகிறது. சொல்லவேண்டியதை விடுத்தமையால் குன்றக் கூறலும், வேண்டாததைப் பெருக்கியமையால் மிகைபடக் கூறலும் ஒரே பத்தியில் நேர்கின்றன. வணிகரிடம் மொழி இல்லாமையால் அன்று, அவருடைய மொழியைக் கேட்டு எழுதுவார் இல்லாமையாலேயே இது நேர்கிறது.

தேடுபொறியை நோக்கி எழுதுதல் கூறியது கூறலை வளர்க்கிறது. ‘பட்டுச் சேலை’, ‘பட்டு சேலை’, ‘பட்டுச்சேலை’ என ஒரே சொற்றொடரைப் பல வடிவங்களில் திரும்பத் திரும்ப இடுவர். தேடுவோர் உருபும் சந்தியும் இன்றித் தட்டச்சிடுவர் எனக் கருதி இரண்டையும் களைவர். மக்கள் தேடும் வடிவத்தைத் தலைப்பில் ஓரிடத்தில் ஆளுதல் தவறாகாது. முழுப்பத்தியும் அவ்வாறே அமையும்போது எழுவாயும் பயனிலையும் இழந்த பெயர்க்குவியலே எஞ்சுகிறது. புதுச்செய்தி, வலைப்பதிவு ஆகிய பகுதிகளைச் சட்டகம் தந்தது என்பதற்காகத் தொடங்கி, ஓரிரு பதிவுகளுக்குப் பின் கைவிடுதல் சென்று தேய்ந்திறுதலின்பாற்படும்.

மறுப்புகள்

இக்கருத்துகளுக்கு மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, சிறு வாடிக்கையாளரால் உரைக்கெனத் தனியே செலவிட இயலாது என்பது. தளப்பெயர், வழங்கியிடம், வடிவமைப்பு ஆகியவற்றுக்கு விலைப்புள்ளியில் தொகை குறிக்கப்படும். உரை மட்டும் வாடிக்கையாளரே தரவேண்டியது என ஒதுக்கப்படுவதுண்டு. ஆனால் ஐந்து பக்கத் தளமொன்றிற்கு வேண்டுவன சில நூறு சொற்களே. மிகச் சிறிய அச்சகமும் திருமண அழைப்பிதழுக்கு மெய்ப்புப் பார்த்து, வீட்டாரிடம் காட்டி ஒப்புதல் பெற்ற பின்னரே அச்சிடும். ஒருநாள் நிகழ்வுக்குரிய தாளுக்கு உள்ள இம்முறை, ஆண்டுக்கணக்கில் நிற்கும் தளத்திற்கு இல்லாமையைச் செலவால் மட்டும் விளக்க இயலாது.

இரண்டாவது, வாடிக்கையாளரே ஆங்கிலத்தை விரும்புகிறார் என்பது. இது பெரும்பாலும் உண்மையே. ஆங்கிலம் பெருமையின் அடையாளமாகவும் வேற்று மாநிலத்தாரை எட்டும் வழியாகவும் கருதப்படுகிறது. இருமொழித் தளமே இதற்குரிய விடை. ஆனால் தமிழ்ப்பகுதி ஆங்கிலப் பகுதியின் நிழலாக அமையும்போது, தமிழ் மட்டும் அறிந்தவர் முழக்கத்தைப் படித்து, விலையையும் நிபந்தனையையும் படிக்க இயலாமல் திரும்புகிறார். இது மொழிப்பற்றைப் பற்றிய வினா மட்டுமன்று. நுகர்வோர் தாம் உடன்படும் நெறிகளை அறிந்து உடன்படுகிறாரா என்னும் வினாவும் ஆகும்.

மூன்றாவது, பொறியே எழுதிவிடும் என்பது. கூகுள் மொழிபெயர்ப்பில் 2011இல் தமிழ் சேர்க்கப்பட்டது. 2022 இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர் உரையை ஆக்கித் தரும் கருவிகளும் பரவலாயின. இவற்றால் எழுத்துப்பிழையும் தொடர்ப்பிழையும் குறையக்கூடும். ஆனால் கடைக்காரரிடம் கேட்டறியாத செய்தியைப் பொறியும் அறியாது. சட்டகம் கேட்கும் மூன்று பெட்டிகளை அது தயக்கமின்றி நிரப்பித் தரும். நிரப்புரை இலத்தீனிலிருந்து நல்ல தமிழுக்கு மாறியிருக்கும், அவ்வளவே. பிழையற்ற வெறுமை பிழையுள்ள வெறுமையைவிடக் கண்டறிதற்கு அரிது.

முடிவுரை

சிறு வணிகத் தளங்களில் தமிழ் நலிவுற்றமைக்கு எழுத்துருத் தடை தொடக்கக் காரணமாக இருந்தது. அத்தடை நீங்கிய பின்னரும் குறை தொடர்வதற்கு உரைக்கு முன் சட்டகம் அமைக்கும் முறையே காரணம். அதனால் எழுத்தின் அளவும், பொத்தானின் வினைவடிவமும், பத்தியின் பொருளும் தமிழின் இயல்பை நோக்காமல் முடிவாகின்றன. வணிகர் கடையில் பேசும் மொழியைக் கேட்டு முதலில் எழுதி, அவ்வுரையின் அளவுக்கும் வரிசைக்கும் ஏற்பப் பக்கத்தை அமைத்து, தமிழறிந்தவர் ஒருவர் மெய்ப்புப் பார்த்து வெளியிடுதல் இதற்குரிய மாற்று ஆகும். இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை.

தமிழ்த்துறைகளுக்கும் இதில் பங்கு உண்டு. மெய்ப்புத் திருத்தம், மொழிபெயர்ப்பு, விளம்பர மொழி ஆகியன பல துறைகளில் பாடங்களாக உள்ளன. ஏவல், வியங்கோள், எச்சம் ஆகியவற்றைப் பயிலும் மாணவர் ஒரு கடையின் ஐந்து பக்கத் தளத்தை எழுதிப் பார்ப்பாராயின், அவ்விலக்கணம் இன்றைய வழக்கில் எங்கு நிற்கிறது என்பதை அவர் அறிவார். ஒரு சிறு வணிகரும் தம் கடையைத் தம் மொழியில் படிப்பார்.